ஆஸ்பத்திரியிலிருந்து நர்சிங் ஹோமுக்குத் திரும்ப விடமாட்டேன் என்றால் என்ன செய்வது: அமெரிக்காவில் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

நர்சிங் ஹோமில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் உடம்பு தேறிவிடுகிறது. நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்ன சாயங்காலமே ஆஸ்பத்திரியின் கேஸ் மேனேஜர் கூப்பிட்டு, "அவர் இருந்த இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், வேறு இடங்களின் பட்டியல் அனுப்புகிறேன், இன்றைக்குள் ஒன்றைச் சொல்லுங்கள்" என்கிறார். பட்டியலில் முதலில் இருப்பது வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறார்கள். தனியார் இடம், அவர்கள் வேண்டாம் என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்று நினைக்கிறோம். செய்ய முடியும். திரும்பிப் போவது உங்கள் அப்பாவின் சட்டப்படியான உரிமை, அதைத் தட்டிக்கழிக்க நர்சிங் ஹோம் நிறைய விஷயங்களை எழுத்தில் நிரூபிக்க வேண்டும், பல இடங்கள் அதைச் செய்வதே இல்லை. குடும்பம் கேட்காமல் விட்டுவிடும் என்ற தைரியத்தில்தான் பாதி மறுப்புகள் வருகின்றன. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த மறுப்போடு மல்லுக்கட்டிய குடும்பங்களோடு கூடவே இருந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே நான் சொல்லும் நர்சிங் ஹோம், நாள் முழுக்க நர்ஸ் பராமரிப்போடு வயதானவர்கள் மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ தங்கும் இடம். ஊரில் நாம் அப்படிச் சொல்லும் சின்ன ஆஸ்பத்திரி இல்லை. அசிஸ்டெட் லிவிங் (அன்றாட வேலைகளுக்கு மட்டும் உதவி கிடைக்கும் குடியிருப்பு) என்று சொல்வதும் வேறு. அதற்கு இந்த மத்தியச் சட்டம் பொருந்தாது, மாநிலச் சட்டமும் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும்தான் பேசும். அப்பா இருப்பது எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் மெடிகேர் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) இணையதளத்தில் கேர் கம்பேர் பக்கத்தில் அந்த இடத்தின் பெயரைத் தேடுங்கள். நர்சிங் ஹோம் பட்டியலில் வந்தால் மேலே படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மெடிகேர் அல்லது மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) பணம் வாங்கும் எல்லா நர்சிங் ஹோம்களும் 1987-இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. கிட்டத்தட்ட எல்லா இடங்களும் இதில் அடக்கம். இந்த விஷயத்துக்கான அதன் விதிகள் மத்திய அரசின் விதித் தொகுப்பில் 42 சி.எஃப்.ஆர். 483.15 என்ற பிரிவில் இருக்கின்றன. 2016-இல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். இந்த எண்ணை ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் இந்த எண் ஒருமுறை வந்தாலே எதிரில் இருப்பவரின் குரல் மாறும்.

விதியின் சாரம் இதுதான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர் இன்னும் அந்த நர்சிங் ஹோமில் வசிப்பவர்தான். அவரைத் திரும்ப எடுக்க மறுத்தால் அது நர்சிங் ஹோம் தன் விருப்பத்தில் செய்யும் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. அப்படி வெளியேற்றுவதற்கு ஆறே காரணங்கள்தான் உண்டு: அவருக்குத் தேவையான பராமரிப்பை அங்கே தரவே முடியாது, உடம்பு தேறி இனி நர்சிங் ஹோம் தேவையில்லை, அவருடைய நிலையாலோ நடத்தையாலோ மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து, மற்றவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து, நியாயமான அவகாசமும் அறிவிப்பும் தந்த பிறகும் பணம் கட்டவில்லை, அந்த இடத்தையே மூடுகிறார்கள். "குடும்பம் ரொம்பக் கேள்வி கேட்கிறது" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. "மெடிகெய்டுக்கு மாறிவிட்டார், அதில் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை" என்பதும் இல்லை. யார் பணம் கட்டினாலும் எல்லாருக்கும் ஒரே விதி என்று சட்டம் தனியாகவே சொல்கிறது.

பெட் ஹோல்ட் முடிந்தால் உரிமையும் முடிந்ததா

இல்லை. குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெட் ஹோல்ட் என்பது அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவருடைய அதே படுக்கையை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைப்பது. மெடிகெய்டில் இருப்பவர்களுக்கு எத்தனை நாள் பிடித்து வைப்பார்கள், அதற்கு யார் பணம் தருவார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 7 நாள். சில மாநிலங்களில் மெடிகெய்டு அதற்கென்று ஒரு காசும் தருவதில்லை. மெடிகேர் எங்கேயுமே பெட் ஹோல்டுக்குப் பணம் தராது. வேண்டுமானால் குடும்பம் கைக்காசு போட்டுப் பிடித்து வைக்கலாம், மாதம் 9,000 டாலரைத் தாண்டும் இடங்களில் ஒரு வாரத்துக்கே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும் உரிமை இதிலிருந்து தனி. பெட் ஹோல்ட் நாட்கள் முடிந்துபோனாலும், அப்பாவுக்கு அந்த இடத்தின் பராமரிப்பு இன்னும் தேவைப்பட்டு, மெடிகேர் அல்லது மெடிகெய்டு தகுதி இருந்தால், பழைய அறை காலியாக இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் இரண்டு பேர் தங்கும் அறையில் முதலில் காலியாகும் படுக்கையில் அவரை எடுத்தாக வேண்டும். புதிதாக வர வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் அவர். அதனால் "பெட் ஹோல்ட் முடிந்துவிட்டது, நீங்கள் புது அட்மிஷனாக விண்ணப்பம் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். பெட் ஹோல்டுக்குப் பணம் கட்ட வசதியில்லாததால் உரிமை போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம்.

சுத்தமாகச் சொந்தப் பணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த 'முதலில் காலியாகும் படுக்கை' என்ற பகுதி அப்படியே கிடைக்காது; அவர்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் ஆறு காரணங்கள், எழுத்து அறிவிப்பு, மேல்முறையீடு எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

ஆம்புலன்ஸ் வந்த அன்றே செய்ய வேண்டியவை

அன்றைக்கு உங்கள் மனசு வேறெங்கோ இருக்கும், தெரியும். ஆனாலும் இரண்டு விஷயம்.

அனுப்பும்போதே பெட் ஹோல்ட் பற்றி எழுத்தில் ஓர் அறிவிப்பு தர வேண்டும். அவசரமாக அனுப்பினால் 24 மணி நேரத்துக்குள். எத்தனை நாள், யார் பணம், எப்படித் திரும்புவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். வரவில்லையென்றால் மறுநாளே ஈமெயிலில் கேளுங்கள். ஈமெயிலில் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "அவர் திரும்பி வருவார், படுக்கையை வைத்திருங்கள்" என்று நீங்கள் சொன்னது எழுத்தில் பதிவாக வேண்டும். பின்னால் யாராவது "குடும்பம் வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னது" என்று கதையை மாற்ற முடியாது.

இரண்டாவது, அறையைக் காலி செய்யாதீர்கள். "சாமான்களை எடுத்துக்கொண்டு போங்கள், பத்திரமாக இருக்கும்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். நீங்கள் சாமி படத்தையும் கம்பளியையும் மூட்டை கட்டிக்கொண்டு போன கையோடு, குடும்பம் தானாகவே விலகிக்கொண்டது என்று சொல்ல இடம் கொடுத்துவிடுகிறீர்கள். பணம், நகை, காது மெஷின் போன்றவற்றை மட்டும் எடுங்கள், மற்றது இருக்கட்டும். அதேபோல டிஸ்சார்ஜ் என்ற வார்த்தை இருக்கும் எந்தக் காகிதத்திலும் அவசரத்தில் கையெழுத்து வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது

கேஸ் மேனேஜர் அல்லது சோஷியல் ஒர்க்கர் யார் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்து, "அப்பா அவருடைய நர்சிங் ஹோமுக்கே திரும்பிப் போகிறார்" என்று சொல்லிவையுங்கள். டிஸ்சார்ஜ் அன்று போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும். அவர்களுக்குப் படுக்கை காலியாக வேண்டும், யார் முதலில் சரி என்கிறார்களோ அங்கே அனுப்பத்தான் பார்ப்பார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் தலைக்கு மேல் வேலை.

அப்பா இன்பேஷண்ட்டாக (முறைப்படி அட்மிட் ஆனவராக) இருக்கிறாரா, அப்ஸர்வேஷனில் (அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில்) இருக்கிறாரா என்று கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே கட்டில், அதே டிரிப்ஸ்தான். ஆனால் அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிகேரில் நர்சிங் ஹோம் செலவை ஏற்க மூன்று நாள் இன்பேஷண்ட்டாக இருந்திருக்க வேண்டும், அப்ஸர்வேஷன் நாட்கள் அதில் சேராது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பல இந்த மூன்று நாள் நிபந்தனையை வைப்பதில்லை, உங்கள் திட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நர்சிங் ஹோமுக்கு மெடிகெய்டைவிட மெடிகேர் அதிகப் பணம் தரும். நெடுநாளாக மெடிகெய்டில் இருக்கும் அப்பா, கடைசியாக 60 நாள் தொடர்ந்து ஆஸ்பத்திரியிலோ மெடிகேர் செலவிலான நர்சிங் பராமரிப்பிலோ இல்லாமல் இருந்து, இப்போது மூன்று நாள் இன்பேஷண்ட்டாக இருந்துவிட்டால், மெடிகேரின் 100 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் 20 நாள் முழுச் செலவு, அதற்குப் பிறகு 100 வரை தினமும் ஒரு பங்கு நாம் (மெடிகெய்டும் இருந்தால் அது பார்த்துக்கொள்ளும்). திறன்மிக்க நர்சிங்கோ தெரபியோ தேவை என்று டாக்டர் எழுத வேண்டும். தயங்கிக்கொண்டிருக்கும் அட்மிஷன் ஆபீஸில் இதைச் சொல்லிப் பாருங்கள், சில சமயம் இது ஒன்றே போதும்.

டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள்: உடம்பு நிலையாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டார், நர்சிங் ஹோம் பராமரிப்புக்கு ஏற்றவர். இந்த நாலு வரிதான் பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் அடிப்படை.

மறுத்துவிட்டார்கள். என்ன காரணம் சொல்கிறார்கள்?

காரணத்தைப் பொறுத்துத்தான் பதில்.

"இடமில்லை" என்றால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நர்சிங் ஹோமும் அன்றன்றைக்கு எத்தனை நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்திலோ லிஃப்டுக்கு எதிரிலோ ஒரு தாள் இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. அதைப் படம் எடுங்கள். மொத்தம் எத்தனை படுக்கை என்பது கேர் கம்பேரில் இருக்கிறது. 99 படுக்கை உள்ள இடத்தில் 88 பேர் இருந்தால் "இடமில்லை" எப்படி என்று கேளுங்கள். ஆண், பெண் அறை, தொற்றுக்காகத் தனிமைப்படுத்திய அறை என்று நியாயமான விளக்கம் இருக்கலாம். இருந்தால் எழுத்தில் தரட்டும், அடுத்த படுக்கை எப்போது என்றும் சொல்லட்டும். உண்மையிலேயே நிரம்பியிருந்தாலும், அடுத்தது அப்பாவுக்குத்தான் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"அவருடைய தேவைகளை எங்களால் கவனிக்க முடியாது" என்றால், எந்தத் தேவை, அதைக் கவனிக்க நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நீங்கள் சொல்லும் அந்த வேறு இடத்தில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று மூன்று கேள்வி. இந்த மூன்றையும் அப்பாவின் டாக்டர் மருத்துவப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அட்மிஷன் ஆபீஸர் ஃபோனில் சொல்வது கணக்கில் வராது. இதே பராமரிப்பை இதே இடத்தில் வேறு யாருக்காவது தருகிறார்களா என்றும் பாருங்கள்.

"சண்டை போடுகிறார், அடிக்க வருகிறார்" என்பதுதான் நம் வயதானவர்களுக்கு அதிகம் விழும் முத்திரை. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மறதி நோய் உள்ளவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் இரண்டு நாளில் ஆளே மாறிவிடுவார். தொட்டால் தட்டிவிடுவார், இரவெல்லாம் கத்துவார், டிரிப்ஸைப் பிடுங்குவார். ஆன்டிபயாடிக் வேலை செய்த பிறகு பழைய மனிதர் திரும்பி வருவார். நர்சிங் ஹோம் மறுக்கும்போது பார்ப்பது அந்த இரண்டு நாள் குறிப்புகளை. ஆனால் விதியை அமல்படுத்தும் மத்திய அமைப்பான சி.எம்.எஸ். கண்காணிப்பாளர்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது இருந்த நிலையை வைத்து மறுக்கக் கூடாது, திரும்பி வரும்போது இருக்கும் நிலையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியின் கடைசி இரண்டு மூன்று நாள் நர்ஸ் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அமைதியாகச் சாப்பிட்டார், ஒத்துழைத்தார், கட்டிப்போடவோ ஊசி போடவோ தேவைப்படவில்லை என்று அதில் இருந்தால் அதுதான் உங்கள் பதில்.

மொழியும் இதில் கலந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா, ஆங்கிலம் நன்றாகவே பேசியவர், மறதி முற்றியபின் தமிழ் மட்டும்தான் மிச்சம். அவரைப் பற்றிய குறிப்பில் "காரணமில்லாமல் கத்துகிறார், உடை மாற்ற எதிர்க்கிறார்" என்று பக்கம் பக்கமாக இருந்தது. பேத்தி போய் உட்கார்ந்து கேட்டால், அவர் ஒவ்வொரு முறையும் கேட்டது "பாத்ரூம் போகணும்" என்பதைத்தான், அதுவும் மரியாதையாக, "அம்மா, கொஞ்சம் பிடிங்கம்மா" என்று. இதை எழுத்தில் போட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டிய பிறகு அந்த மறுப்பு நிற்கவில்லை. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த மருத்துவ இடமும் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், ஃபோனில் தமிழுக்கு ஆள் கிடைப்பார்கள். "எத்தனை முறை தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தீர்கள்" என்று கேளுங்கள். பதில் பூஜ்யமாக இருந்தால், தேவையைக் கவனிக்க முயன்றோம் என்று அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?

"பணம் பாக்கி" என்றால், மெடிகெய்டு விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது பணம் கட்டவில்லை என்று வெளியேற்ற முடியாது. பெற்றோர் கிரீன் கார்டில் வந்தவர்கள் என்றால் பொதுவாக மெடிகெய்டுக்கு ஐந்து வருஷக் காத்திருப்பு உண்டு, அதை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். பிள்ளைகள் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்போம் என்று சொல்வதும் சட்டவிரோதம்.

ஈமெயில்

காரணம் எதுவாக இருந்தாலும் அன்றே நர்சிங் ஹோமின் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் டைரக்டர் ஆஃப் நர்சிங்குக்கும் ஒரு ஈமெயில். ஆஸ்பத்திரி கேஸ் மேனேஜருக்கு நகல். கோபம் வேண்டாம், சுருக்கமாக இருக்கட்டும். இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

"எங்கள் அப்பா உங்கள் நர்சிங் ஹோமில் இன்ன அறையில் வசிப்பவர். இன்ன தேதியில் நீங்கள் அவரை இன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். அவர் டிஸ்சார்ஜுக்குத் தயார் என்று ஆஸ்பத்திரி சொல்லியிருக்கிறது. அவர் திரும்பி வர விரும்புகிறார். 42 சி.எஃப்.ஆர். 483.15(இ) பிரிவின்படி அவரைத் திரும்ப ஏற்கும்படி கேட்கிறோம். மறுப்பதாக இருந்தால், காரணம், தேதி, எங்கே அனுப்பப் போகிறீர்கள், மேல்முறையீடு செய்யும் முறை, ஆம்பட்ஸ்மன் தொடர்பு விவரம் ஆகியவை உள்ள எழுத்து அறிவிப்பை உடனே தாருங்கள். அந்த அறிவிப்பின் நகலை மாநில ஆம்பட்ஸ்மனுக்கும் அனுப்ப வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம்."

அடைப்புக்குறியில் உள்ள 'இ', ஆங்கில அகரவரிசையில் ஐந்தாவது எழுத்து. அனுப்பும்போது அதையே போடுங்கள். ஆம்பட்ஸ்மன் யார் என்று கீழே சொல்கிறேன். பல மறுப்புகள் இந்த ஈமெயிலோடு முடிந்துவிடும். எழுத்தில் காரணம் தர வேண்டும் என்றதும், "ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது" என்று ஃபோன் வரும்.

வரவில்லை என்றால்

மூன்று கதவுகள் இருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, மூன்றையும் ஒரே நாளில் தட்டுங்கள்.

முதலில் ஆம்பட்ஸ்மன். நர்சிங் ஹோமில் வசிப்பவர்கள் பக்கம் நின்று பேசுவதற்கென்றே ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கும் அலுவலகம் இது, ஒரு காசு வாங்க மாட்டார்கள். அப்பாவின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். எந்த ஆம்பட்ஸ்மன் என்று தெரியாவிட்டால் எல்டர்கேர் லொக்கேட்டர் என்ற மத்திய அரசின் இலவச எண்ணுக்கு, 1-800-677-1116, கூப்பிட்டு உங்கள் ஊரைச் சொன்னால் போதும். "ஆஸ்பத்திரியில் இருக்கிறார், திரும்ப எடுக்க மறுக்கிறார்கள், இன்றைக்கு டிஸ்சார்ஜ்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அவர்கள் போடும் ஒரு ஃபோன், நீங்கள் போடும் பத்துக்குச் சமம்.

அடுத்து, நர்சிங் ஹோம்களுக்கு உரிமம் தந்து கண்காணிக்கும் மாநிலத் துறையில் புகார். பல மாநிலங்களில் அது சுகாதாரத் துறை. இது தண்டிக்கும் வழி. அப்பாவை இன்றே திரும்ப அனுப்பும் வழி என்று நம்பியிருக்க வேண்டாம். ஆனால் பதிவு இருப்பது நல்லது.

மூன்றாவதுதான் முக்கியம்: மேல்முறையீடு. வெளியேற்றத்தை எதிர்த்து மாநிலத்திடம் விசாரணை கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. எழுத்து அறிவிப்பு தரவே இல்லையென்றாலும் கேட்கலாம், அறிவிப்பு தராததையே முதல் குறையாக எழுதுங்கள். சீக்கிரம் கேளுங்கள், ஏனென்றால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பொதுவாக வெளியேற்ற முடியாது. அப்பாவோ மற்றவர்களோ ஆபத்தில் மாட்டுவார்கள் என்று பதிவுகளோடு காட்டினால் மட்டும் விதிவிலக்கு. விசாரணைக்கு வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு இருக்கிறது, அதே எல்டர்கேர் லொக்கேட்டரில் கேட்டால் வழி சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு கேன்ஹர் என்ற அமைப்பு இந்த விஷயத்தில் ஊறியவர்கள்.

ஜெயித்த பிறகும் நர்சிங் ஹோம் பிடிவாதம் பிடிப்பது உண்டு. கலிஃபோர்னியாவில் அப்படி விசாரணையில் ஜெயித்தும் திரும்ப முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர்கள், உத்தரவை அமல்படுத்தவில்லை என்று மாநிலத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2019-இல் ஒன்பதாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமும், அரசு நடத்தும் நர்சிங் ஹோம் 1987 சட்டத்தின் உரிமைகளை மீறினால் வசிப்பவர் நேரடியாக மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்புத் தந்தது. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் இது காகிதத்தில் மட்டும் இருக்கும் உரிமை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரி நெருக்கும்

"இன்றைக்குள் போகவில்லையென்றால் பில் உங்கள் பெயரில்" என்பார்கள். பயந்துவிடாதீர்கள், அலட்சியமாகவும் இருக்காதீர்கள். மெடிகேரில் இன்பேஷண்ட்டாக இருப்பவருக்கு, சீக்கிரமே டிஸ்சார்ஜ் செய்கிறார்கள் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு, அதற்கான எண் ஆஸ்பத்திரி தந்த மெடிகேர் அறிவிப்பிலேயே இருக்கும். டிஸ்சார்ஜ் நாளுக்குள் கூப்பிட்டுவிட்டால், முடிவு வந்த மறுநாள் மதியம் வரை கூடுதல் செலவு உங்கள் தலையில் விழாது. அவர்கள் பார்ப்பது ஆஸ்பத்திரியில் இருக்க மருத்துவக் காரணம் இருக்கிறதா என்பதை மட்டும்தான்; ஆனாலும் ஒன்றிரண்டு நாள் மூச்சுவிட இடம் கிடைக்கும், அதற்குள் ஆம்பட்ஸ்மன் வேலையைத் தொடங்கியிருப்பார்.

வேறு வழியே இல்லாமல் தற்காலிகமாக இன்னோர் இடத்துக்குப் போக நேர்ந்தால், போகும் முன் பழைய இடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: இது தற்காலிக ஏற்பாடு, திரும்பி வரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, மேல்முறையீடு தொடர்கிறது. போய்விட்டார் என்பதற்காக விஷயம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி, இதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: திரும்பிப் போகத்தான் வேண்டுமா? மறுத்த இடத்தில் அப்பாவை நன்றாகப் பார்ப்பார்களா என்று குடும்பங்கள் பயப்படுவது நியாயம். என் கருத்து, அந்த இடத்தில் அவருக்குப் பழகிய முகங்கள் இருந்து, வீட்டிலிருந்து தினமும் யாராவது சாப்பாடு கொண்டுபோக முடிகிற தூரமாக இருந்தால் போராடுவது வீண்போகாது. மறதி உள்ளவருக்கு இடம் மாறுவது பெரிய அடி. அந்த இடமே முன்பிருந்து சரியில்லை என்றால், உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாக வேறு நல்ல இடம் தேடுங்கள். தேர்ந்தெடுப்பது அப்பாவும் நீங்களுமாக இருக்க வேண்டும், கேஸ் மேனேஜரின் பட்டியலில் முதல் வரியாக இருக்கக் கூடாது.

திரும்பி வந்த பிறகு

வந்த அன்றே மருந்துப் பட்டியலை ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள், கைமாறும்போதுதான் மாத்திரைகள் விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை ஏறும். கலவரமாக இருந்த இரண்டு நாளில் போட்ட தூக்க மாத்திரை, மனநோய் மாத்திரை இன்னும் தொடர்கிறதா, ஏன் தொடர்கிறது என்று கேளுங்கள்.

அந்த வாரத்திலேயே கேர் பிளான் (அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நர்சிங் ஹோம் எழுதிவைக்கும் திட்டம்) மீட்டிங் கேளுங்கள். அதில், திடீரென்று நடத்தை மாறினால் முதலில் சிறுநீர்த் தொற்று, வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குடும்பத்தைக் கூப்பிட வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஃபோனில் அழைக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கேர் பிளானில் எழுதியது அவர்களைக் கட்டுப்படுத்தும். கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை ஒட்டுங்கள்: "பாத்ரூம்", "வலிக்குது", "தண்ணி", "குளிருது", "வேண்டாம்" என்று நம் ஆட்கள் சொல்வதை ஆங்கில எழுத்தில், பக்கத்தில் அதன் பொருள். இரவு ஷிஃப்டில் வரும் உதவியாளருக்கு அதுதான் கையில் இருக்கும், அதனால் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.